கிணற்றுக்காடும் கிரேக்க ராஜ்ஜியமும்

கொழிஞ்சாம்பாறை,
மாசி மாதம், 1958

தேவிகுளத்தில் இருக்கும் சௌபாக்கியவதி மகள் முத்தாத்தாளுக்கு, அம்மா கமலாத்தாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு மாடு கன்று முதற்கொண்டு எல்லோரும் சுகம். மாப்பிள்ளை சுகத்துக்கு உடனே எழுதவும்.

உன் பெரியண்ணன் மகள் கணக்கில் முதலாவது. அவளுடைய கடைக்குட்டித் தம்பி நேற்று எழுந்து நடந்து மோர்ப்பானையைக் கவிழ்த்தான். பெரியண்ணன் மகன் நாச்சிமுத்துவும் சின்னண்ணன் மகன் மாரப்பனும் பள்ளிக்கூட நாடகத்தில் கிரேக்கத் தளபதிகள். அலெக்சாண்டர் வாரிசு சொல்லாமல் செத்துப்போக, தளபதிகள் ராஜ்ஜியத்தைப் பிய்த்துக்கொள்வதுதான் கதை. நான் படித்த ஐந்தாம் வகுப்பில் அவர் ஜெயித்ததோடு பரீட்சை வந்துவிட்டது. செத்த பிறகு நடந்தது ஆறாம் வகுப்பில் இருந்திருக்கும். உன் அப்பாவும் அப்படித்தானே ஒன்றும் சொல்லாமல் போனார். நம் நிலத்திலேயே நல்ல விளைச்சலுள்ள கிணற்றுக்காடு யாருக்கு என்று உன் அண்ணன்மார் இருவரும் தீபாவளியிலிருந்து பேச்சில்லை. ஒரே அடுப்புச் சோறு, உப்பு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான் கேட்பார்கள். காடு கோர்ட்டுக்குப் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. நாடகப் பந்தலிலும் இந்தக் கோடியில் ஒருவன், அந்தக் கோடியில் ஒருவன்.

மேடையில் மாரப்பன் "எகிப்து எனக்கு" என்றான். நாச்சிமுத்து அட்டை வாளை உருவ வேண்டும். இவனோ நான் சொல்லிக்கொடுத்த உன் தாத்தா காலத்துப் பாகப் பிரிவினை வழக்கத்தை நினைத்துக்கொண்டு, "ஏன்டா மாரா, மூத்தவன் நான் பிரிக்கறேன், எளையவன் நீ மொதல்ல எடுத்துக்க" என்று, வேட்டியில் படமாக வரைந்திருந்த ராஜ்ஜியத்தை நடுவில் கிழித்துவிட்டான். திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார், "டேய், வாளை உருவுங்கடா, நாப்பது வருசச் சண்டை பாக்கியிருக்குது" என்கிறார். "வேண்டாமுங்க சார், அண்ணன் பிரிச்சாச் செரியாத்தான் இருக்கும்" என்று மாரப்பன் எகிப்தை எடுத்துப் போர்த்திக்கொண்டான். செத்துக் கிடந்த அலெக்சாண்டரும் வயிறு குலுங்கச் சிரித்தான். கூட்டம் கலையும்போது உன் பெரியண்ணன் தம்பி இருந்த அந்தக் கோடிக்கே நடந்து போய், "கந்தப்பா, நாளைக்குக் காட்டை ரண்டா வரப்புப் போடறேன், நீ மொதல்ல எடு" என்றான். "செரிங்கண்ணா" என்றான் சின்னவன். அவ்வளவுதான் கண்ணு, நான் பந்தலிலேயே அழுதுவிட்டேன். கிரேக்க தேசத்தில் இந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாட்டி இல்லாமல் போய்விட்டாள் போலிருக்கிறது.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் இருக்க மாரியம்மன் துணை. குழந்தைக்குப் பல் முளைத்ததென்று எழுதினாய். பல் தெரிகிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
அம்மா கமலாத்தாள்

பி.கு.: காலையில் காடு பிரிந்தது, மாடு பிரிந்தது, அடுப்பும் பிரிந்தது. மத்தியானம் அம்மா யார் பக்கம் என்று ஆரம்பித்தார்கள். "அம்மா எங்கூட்டுலதான் இருக்கோணும்" என்கிறான் பெரியவன். "நாந்தானுங்க மொதல்ல எடுக்கோணும், வழக்கம் அதுதானுங்களே" என்கிறான் சின்னவன். மறுபடியும் பேச்சில்லை. அலெக்சாண்டரின் உடம்பையே ஒரு தளபதி வழிமறித்துத் தூக்கிக்கொண்டு போனானாம், நாச்சிமுத்து சொல்கிறான். என்னை யாரும் தூக்குமுன் நானே உன் வீட்டுக்குப் புறப்படுகிறேன். போட்டோ வேண்டாம். என்னை அழைத்துப் போக மாப்பிள்ளையைப் போடிமெட்டுக்கு வரச் சொல்.