கெபாசிட்டர் கோடு எந்தப் பக்கம்?

ஷாதிபூர்,
போர்ட் பிளேர்.

அன்புள்ள மாப்பிள்ளை தேவேந்திரன் அவர்களுக்கு,

மாமா ராஜமாணிக்கம் எழுதுவது. நாங்கள் நலம். கோவையில் நீங்களும் அகிலாவும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். மாப்பிள்ளையிடம் குறை சொல்ல எனக்குப் போனில் வாய் வராது. ஆகவே கடிதம்.

கேம்பல் பே கடைக்காரர் சுரேந்திரன், நீங்கள் வடிவமைத்த தண்ணீர்த் தொட்டி அலாரம் இருபத்திநாலு கேட்டிருந்தார் அல்லவா? தொட்டி நிறைந்தால் கத்துமே, அதுதான். நீங்கள் அனுப்பிய வெறும் போர்டுகளில் பாகங்களைச் சொருகி ஈயம் வைத்தது உங்கள் அத்தை விசாலாட்சி. போர்டுக்கு ஐந்து கெபாசிட்டர், ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு. மூன்றுக்குக் கோடு வலப்பக்கம், இரண்டுக்கு இடப்பக்கம் என்று உங்கள் போர்டில் அச்சடித்திருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. "மாப்பிள்ளை இப்படித் தாறுமாறா போட்டிருப்பாரா? அச்சுல தப்பா விழுந்திருக்கும்" என்றாள். போன் பண்ணிக் கேளேன் என்றேன். "மாப்பிள்ளைகிட்ட போய்த் தப்புன்னு சொல்றதா? நல்லாவா இருக்கும்?" என்று இருபத்திநாலு போர்டிலும் எல்லாக் கோட்டையும் வலப்பக்கமே வைத்து மாட்டிவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, எனக்கும் திருப்தி. கரண்ட் கொடுத்தோம். டப்பென்று ஒன்று வெடித்தது, பிறகு இன்னொன்று. கோடு பக்கம் மாறினால் கெபாசிட்டர் வெடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா "க்யா ஹுவா, தீதி?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறி ஓடி வந்தார். "குச் நஹீ, கடுகு தாளிச்சேன்" என்றாள் விசாலாட்சி. அடுத்த இரண்டு போர்டும் அப்படியே போயின.

அன்றிலிருந்து அவள் சால்டரிங் அயர்னைத் தொடவில்லை. "எனக்கெதுக்கு இந்த வேலை" என்கிறாள். எவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொண்டாள் தெரியுமா? எனக்கு அதுதான் பெரிய வருத்தம். சுரேந்திரன் வேறு, "அண்ணே, மாசக் கடைசி ஜஹாஜை விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாது" என்று கப்பலுக்கு அவசரப்படுத்துகிறார்.

ஆகவே கோபித்துக்கொள்ளாமல், எல்லாக் கோடும் ஒரே பக்கம் வரும்படி போர்டை மாற்றுங்கள். கெபாசிட்டரைச் சொருகியதும் உங்கள் குறி அதன் அடியில் மறைந்துவிடுகிறது. அதையும் வெளியே தள்ளிப் போடுங்கள். மாட்டுகிறவர் யோசிக்கவே இடம் வைக்கக் கூடாது. யோசித்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், ஊருக்கு வர அடிக்கடி லீவு தரும் முதலாளியோடும் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
ராஜமாணிக்கம்

பி.கு.: பன்னிரண்டு நாளாக இதை அனுப்பத் தயங்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அகிலா சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, முந்தாநாள் விமானத்தில் உங்கள் புதுப் போர்டுகளே பாகங்களோடு வந்துவிட்டன. எல்லாக் கோடும் ஒரே பக்கம்! விசாலாட்சிக்கு உயிர் வந்தது. உடனே உட்கார்ந்தாள். "பாவம், மாப்பிள்ளை மறந்துட்டார். மூணு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம்தானே வரணும்? போன தடவ பட்டது போதும்" என்று இருபத்திநாலிலும் இரண்டிரண்டைத் திருப்பி மாட்டிவிட்டாள். எடுத்துக் கொடுத்தது நான்தான். கடைசி ஈயம் வைத்ததும் கரண்ட் போய்விட்டது, சோதிக்க முடியவில்லை. மாசக் கடைசிக் கப்பல் அன்றைக்குத்தான், ஓடிப்போய் அலாரப் பெட்டியை அதில் ஏற்றினேன். திரும்பி வந்தால், உங்கள் பார்சல் உறைக்குள் இருந்த சீட்டை அவள் கையில் வைத்திருக்கிறாள். 'அத்தை, நீங்கள் மாட்டியதுதான் சரி. அதன்படியே போர்டை மாற்றிவிட்டேன்' என்று எழுதியிருந்தீர்கள். மூன்று தடவை படித்துவிட்டு, "அப்ப நான் தப்பே பண்ணலியா?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை. கப்பல் அதற்குள் கிளம்பிவிட்டது.