பூரிங் அக்காவின் உபரிப் பற்கள்

சான் செனோன் நகராட்சிச் சந்தையில் அறிவிப்பாளர் வேலை என்பது சாதாரண வேலை அல்ல, அரசாங்கப் பதவி. அதற்கென்று ஒரு மைக்கும் ஒரு சுழல் நாற்காலியும் உண்டு. நாற்காலி சுழலாது. பதினேழு வருஷமாக அதில் உட்கார்ந்து மீன் வரத்து, பூசை நேரம், காணாமல் போன பிள்ளைகள், மேயரின் நலத்திட்டங்கள் என எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னவர் பூரிங் அக்கா. அவருக்கு எதிரே புத்தோ என்கிற அரிசிமாவுப் பணியாரம் வேகவைத்து விற்கிறவன் நான். பெயர் இசகானி.

ஒரு செவ்வாய்க்கிழமை மீன் வரிசையில் வழுக்கி விழுந்து, ஐஸ் பெட்டியின் விளிம்பில் அக்கா வாயைக் கொடுத்தார். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போயின. இறால் கூடைகளுக்குள் கைவிட்டுத் தேடினோம். இரண்டுதான் கிடைத்தன.

மூன்றாம் நாள் வீங்கிய உதட்டோடு மைக் முன் உட்கார்ந்தார். "மாண்புமிகு மேயர் சிசினியோ சலிஸ்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "மேயர் ஹிஹினியோ ஹலிஹ்" என்று வந்தது.

"யாரோ தும்முறாங்கப்பா!" என்றாள் கணவாய் விற்கிற நெலியா. சந்தையே சிரித்தது.

மேயர் சிரிக்கவில்லை. போன வருஷம்தான் அவர் தன் பற்கள் முப்பத்திரண்டுக்கும் வெள்ளை உறை போட்டிருந்தார். வாயைத் திறந்தால் புதிதாக ஓடு பதித்த குளியலறை மாதிரி இருக்கும். அந்த வாயின் பெயரைப் பல் இல்லாத வாய் கெடுப்பதா? மறுநாளே உத்தரவு வந்தது: 'முப்பது நாட்களுக்குள் தங்கள் வாயைப் பதவிக்குரிய நிலைக்குக் கொண்டுவரத் தவறும் பட்சத்தில், பேச்சுத் தேவைப்படாத பணியாகிய சாக்கடைத் துப்புரவுக்குத் தாங்கள் மாற்றப்படுவீர்கள்.'

அக்கா நகராட்சிப் பல் மருத்துவர் லக்சமனாவிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"மூணு வழி இருக்கு," என்றார் டாக்டர். "கழட்டி மாட்டுற தகடு. இல்லேன்னா ரெண்டு பக்கமும் இருக்குற நல்ல பல்லை அரைச்சு, அது மேல பாலம். இல்லேன்னா எலும்புல திருகாணி."

"எதுனாலும் ஹரி. போட்டு விடுங்க டாக்டர்."

"என்கிட்ட குறடு மட்டும்தான்மா இருக்கு. பிடுங்கத்தான் அனுமதி. வைக்கிறதுக்குத் திட்ட அலுவலகத்துக்குப் போங்க."

திட்ட அலுவலகத்தில் கிளாரிபெல் என்ற இளம்பெண் இருந்தாள். முத்துப் போல வரிசையான பற்கள். அதன்மேல் ஊதா நிற ரப்பர் வைத்த கம்பி. எந்தக் கோணலையும் நிமிர்த்த அல்ல, இப்போது அதுதான் நாகரிகம். சட்டை நிறத்துக்குத் தகுந்தபடி ரப்பரை மாற்றுவாளாம்.

"முழுப் புன்னகைத் திட்டத்துல பல் இல்லாதவங்களுக்கு இலவசமா பல் செட் தர்றோம்," என்றாள். "உங்களுக்கு எத்தனை பல் இருக்கு?"

"இருபத்து நாலு."

"அப்ப நீங்க பல் வசதி படைத்தவங்கம்மா. ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தான் திட்டம்."

"எனக்கு நாலு போதும்மா."

"நாலு தர விதி இல்ல. நீங்க மிச்ச இருபத்து நாலையும் எடுத்துட்டு வந்துடுங்க. எடுக்குறது இலவசம். அப்புறம் ரெண்டு வருஷத்துல செட் வந்துரும்."

"அதுவரைக்கும் எதை வெச்சு மெல்லுறது?"

"கஞ்சி சத்தானதும்மா."

பாலமாவது கட்டித் தர முடியுமா என்று கேட்டார் அக்கா. பாலம் என்றால் பொறியியல் பிரிவாம். அங்கே இருந்தவர், "எந்த ஆத்துக்கு? கனரக வாகனம் போகுமா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். திருகாணிக்குத் துளை போட வேண்டும் என்றதும், நிலத்தடித் துளைகளுக்கான அனுமதிப் படிவத்தை நீட்டினார்.

இருபத்தெட்டாம் நாள் அக்கா நகராட்சி வாசலில் நின்று அழுதார். அங்கே அழுவது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பதால் உடனே குழு கூடியது. இரண்டு மணி நேரம் கூடி, ஒரு சான்றிதழ் தந்தது: 'மேற்படியாரின் நான்கு பற்களும் இருப்பதாகவே கருதப்படும்.'

வேலை தப்பியது. ஆனால் மறுநாளும் மைக்கில் ஹிஹினியோ ஹலிஹ்தான். குழு மறுபடி கூடி யோசித்தது. அறிவிப்பாளருக்கு முழுப் பற்கள் உள்ளன. ஆகவே உச்சரிப்பு சரி. ஆகவே கோளாறு கேட்பவர்களின் காதில்தான்.

வியாபாரிகள் எல்லோரும் காதைச் சோதித்துக்கொள்ள உத்தரவு. வரிசையில் நின்றால் காலை வியாபாரம் போச்சு. வரிசை வேண்டாம் என்பவர்கள், 'எனக்குச் சரியாகவே கேட்கிறது' என்று கையெழுத்துப் போடலாம். நான் முதலில் போட்டேன். என் பேனாவையே வாங்கி நெலியாவும் போட்டாள். நூற்று முப்பது பேரும் போட்டோம்.

அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ஊரு ஹரின்னு ஹொன்னா ஆச்சா? என் காதுக்குக் கேக்குதே இஹகானி," என்றார். வளர்த்த பெண்பன்றியை விற்று, பக்கத்து ஊரில் பல் கட்டுகிறவரிடம் ஒரு தகடு செய்து மாட்டிக்கொண்டு வந்தார். அன்று காலை ஒலிபெருக்கியில் "மாண்புமிகு மேயர் சிசினியோ சலிஸ்!" என்று கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது. சொல்லி முடித்ததும் அக்கா மைக்கை அணைக்க மறந்து சிரித்தார்.

மாலையில் விசாரணை. கோப்பின்படி அவருக்கு ஏற்கெனவே இருபத்தெட்டு பற்கள் உள்ளன. இப்போது நான்கு கூடுதல். அனுமதியின்றி உபரிப் பற்கள் வைத்திருத்தல்.

"என் வாயில முன்னாடி பல் இல்லைன்னு இவங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார் அக்கா. "இசகானியைக் கேளுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். கையில் என் கையெழுத்து.

"இவர் பேச்சு முன்பு உமக்கு எப்படிக் கேட்டது?"

"சரியாத்தான் கேட்டுச்சு சார்."

"இப்போது?"

"இப்பவும் சரியாத்தான் கேக்குது சார்."

"வித்தியாசம் இல்லையென்றால், அந்த நான்கு எதற்கு?"

நெலியாவைக் கேட்டார்கள். அவளும் அதையே சொன்னாள். உபரிப் பற்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். அக்கா மறுத்தார். திங்கட்கிழமை முதல் அவருக்குச் சாக்கடை வேலை.

புதன்கிழமை மதியம் அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என் கடை ஓரம் உட்கார்ந்து, அவித்த சோளத்தை முன்பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசை, அடுத்த வரிசை என்று நிதானமாக. நான் சூடாக இரண்டு புத்தோவை இலையில் வைத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"கோவமா அக்கா?"

சோளக்கட்டை வெறுமையாகும் வரை மென்றார். பிறகு கேட்டார்: "நான் பேசுறது உனக்குச் சரியா கேக்குதா இசகானி?"

"கேக்குதுக்கா. சுத்தமா கேக்குது."

"நீ எப்பவும் அப்படித்தான் சொல்லுவ," என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.