வெள்ளைக் கட்டத்தின் அருஞ்சுவை

மனிதகுலத்தின் முதல் சாதனை நெருப்பு. அடுத்தது, எங்கள் க்ளூஜ் நகர வீட்டில் நான் பொருத்திய தீப்பெட்டி அளவுக் கணினி. இணையம் வீட்டுக்குள் நுழையும் வாசலிலேயே அது காவல் நிற்கும். போன், டிவி எதிலும் ஒரு விளம்பரம் தலைகாட்டாது. விளம்பரம் தயாரிப்பதே என் தொழில் என்பதால் இதன் அருமை எனக்குக் கூடுதலாகவே தெரியும். சக ஊழியர், முதலாளி வீடுகளிலெல்லாம் இலவசமாகப் பொருத்திக் கொடுத்தேன்.

எதிர்க்கட்சி ஒன்றே ஒன்று: மாமியார் லுக்ரேசியா. போனில் அவர் ஆடும் மிட்டாய் விளையாட்டில், ஒரு விளம்பரம் பார்த்தால் ஓர் உயிர் கிடைக்கும்.

"மாப்பிள்ளே, காலையிலேர்ந்து அஞ்சு தடவை செத்துட்டேன். பிழைக்க வழியில்லாம பண்ணிட்டீங்களே!"

"தூய்மைக்காகக் கொஞ்சம் தியாகம் பண்ணணும், அத்தை."

தியாகி முக்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். கீழ்வீட்டு வைஃபை அங்கே கிடைக்கும்.

இந்நிலையில் வந்தது சக்குஸ்கா. கத்தரிக்காயும் குடைமிளகாயும் சுட்டு, நாள் முழுக்கக் கிண்டி எடுக்கும் பண்டம். மாமியார் இலையுதிர் காலம்தோறும் வீட்டிலேயே கிண்டுவார். அதைப் புட்டியில் விற்கும் ஹோராட்சியுவுக்கு விளம்பரம் செய்தது நான். அவருக்குப் பிடித்தால் பதவி உயர்வு. பிடிக்காவிட்டால் பதவியே இல்லை.

காணொளிக் கூட்டம் கூடியது. "எல்லாரும் செய்தித் தளத்தைத் திறங்க, நம்ம விளம்பரம் வரும்" என்றார் முதலாளி ஜெலு. அவரவர் வீட்டில் திறந்தோம். விளம்பரம் வரவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். என் பெட்டி எல்லா வீட்டிலும் கடமை தவறவில்லை.

"என்ன ஒரு அடக்கம்!" என்றார் ஜெலு.

"கத்தரிக்காயைக் காட்டாமலே கத்தரிக்கா வாசனை வருதே!" என்றாள் வடிவமைப்பாளர் ஸ்மரண்டா.

ஹோராட்சியு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கும் அந்தப் பெட்டியில் ஒன்றைப் புத்தாண்டுப் பரிசாக அனுப்பியிருந்தார் ஜெலு. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே. இதை நாட்டுல ஒரு ஆளாவது பாத்திருக்கா?"

என் பதவி படியிறங்கத் தொடங்கியது. அதே படியில் மாமியார் ஏறி வந்தார், சார்ஜர் எடுக்க.

"அந்தக் கத்தரிக்கா விளம்பரமா? ஒரு நாளைக்கு இருபது தடவை பாக்குறேன்! கரண்டி பிடிக்கத் தெரியாத ஒருத்தி கிண்டுறா. மூடலாம்னு மூலையில தொட்டா, நேரா கடைக்கு இழுத்துட்டுப் போகுது. எந்தப் பாவி பண்ணினானோ!"

"இருபது தடவையா!" ஹோராட்சியு எழுந்தே நின்றுவிட்டார்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பாவிக்கு 'மக்கள் மனத் தொடர்புத் தலைவர்' பதவி கிடைத்தது.

"இப்பவாவது அந்தப் பெட்டியைக் கழட்டுங்க, மாப்பிள்ளே. முழங்கால் வலிக்குது."

"அதெப்படி அத்தை? அந்த அசிங்கத்தையெல்லாம் வீட்டுக்குள்ள விட முடியுமா?"

"நான் கிண்டுறதை நானும்தான் திங்கிறேன். நீங்க கிண்டுறதை?"

ஆழமான கேள்வி. நிர்வாகம் கூடி 'தீவிரமாகப் பரிசீலித்தது'. மாடிப்படியில் இப்போது அவருக்குக் கம்பெனி செலவில் ஒரு மெத்தை நாற்காலி போட்டிருக்கிறோம்.