மீட்டரைப் பிடித்த பேய்

திருத்தணி மலைமேல் இருக்கிற முருகனுக்குக்கூட அந்தத் தை மாதம் அவ்வளவு கூட்டம் இல்லை. அடிவாரத்து லாட்ஜ் ஒன்றின் கீழ்த்தள அறை வாசலில்தான் கூட்டம் நெட்டித் தள்ளியது. பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். கே.ஜி.கண்டிகையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். நகரியிலிருந்து தெலுங்குக்காரர்கள் வேன் வைத்தே வந்தார்கள். யார் கையிலும் தேங்காய் பழம் கிடையாது. கரண்ட் ரீடிங் எழுதும் அட்டையைத்தான் பயபக்தியோடு பிடித்திருந்தார்கள்.

உள்ளே வீற்றிருந்தவர் கரண்ட் சாமி. முன்னாளில் கங்காதரன் என்ற பெயரில் எங்கோ ஒரு கடையில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் என்று ஒரு பேச்சு உண்டு. இப்போது காவி வேட்டி, முழங்கை வரை விபூதி. அட்டையை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு “மிக்ஸி” என்பார். அல்லது “டேபிள் ஃபேன்” என்பார். உங்கள் வீட்டில் மிக்ஸியோ ஃபேனோ இருந்துவிட்டால் போதும், உடம்பு சிலிர்த்துப்போகும். எந்த வீட்டில்தான் இல்லை என்று கேட்காதீர்கள், சிலிர்ப்பு கெட்டுவிடும்.

சாமியின் சித்தாந்தம் எளிமையானது. ஆசைப்பட்டு வாங்கிய சாமானை அனுபவிக்காமல் ஒருவன் செத்துப்போனால், அவன் ஆவி அந்தச் சாமானுக்குள் புகுந்து கரண்ட் குடிக்கும். ரத்தம் குடித்துக்கொண்டிருந்த பேய்கள் காலத்துக்கேற்ப முன்னேறிவிட்டன, பாருங்கள். பேயை விரட்டியதும் அந்தச் சாமான் வீட்டில் இருக்கக்கூடாதாம். சாமியே எடுத்துப்போய் ஏதோ ஒரு குளத்தில் கரைத்துவிடுவாராம். மிக்ஸி எப்படித் தண்ணீரில் கரையும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையாரே கரையும்போது மிக்ஸி கரையாதா என்று நினைத்திருப்பார்கள்.

சும்மா சொல்லவில்லை, கண்ணெதிரே நிரூபித்தும் காட்டினார். மீட்டருக்குள் ஓர் அலுமினியச் சக்கரம் இருக்கும். கரண்ட் அதிகம் போனால் வேகமாகச் சுற்றும், கொஞ்சமாகப் போனால் ஊர்ந்து போகும், போகாவிட்டால் நின்றுவிடும். சாமி வீடு தேடி வந்து, எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொல்லுவார். அணைப்பார்கள். சக்கரம் நிற்காது, மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றுமே ஓடாத வீட்டில் யார் குடிக்கிறார்கள் கரண்டை? எல்லோரையும் மீட்டரண்டை நிறுத்திவிட்டு, சாமி மட்டும் கற்பூரத்தோடு வீட்டுக்குள் போவார். உள்ளே ஓர் அதட்டல் கேட்கும். வெளியே சக்கரம் நின்றுவிடும். அப்புறம் கேட்கவேண்டுமா, தெருவே காலில் விழும்.

இந்த அலை ஜம்பகம் மாமி வீட்டையும் அடித்தது. மாமியின் கணவர் ஷண்முகசுந்தரம் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல் செய்கிறவர். மாமி வீட்டில் மாவு அரைத்து, சுற்றியுள்ள டீக்கடைகளுக்கும் வீடுகளுக்கும் விற்கிறாள். அந்த வருமானத்தில்தான் மகள் ஸ்ரீவர்ஷினி பாலிடெக்னிக் படிக்கிறாள். ஐப்பசியில் பள்ளிப்பட்டில் காலமான ஒருவர் வீட்டிலிருந்து பழைய கிரைண்டர் ஒன்றை மாமி வாங்கினாள். அடுத்த ரீடிங்கிலேயே பில் இரண்டு மடங்காகிவிட்டது. ஷண்முகசுந்தரம் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சாமி முகர்ந்தார். “செத்தவன் வீட்டுக் கிரைண்டர்” என்றார். அந்த விவரத்தை வரிசையில் நிற்கும்போது தானே நாலு பேரிடம் புலம்பியதை ஷண்முகசுந்தரம் மறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்து பேயை விரட்டிக் கிரைண்டரை எடுத்துப் போவதாக ஏற்பாடு.

மாமி கணக்குப் போட்டாள். கிரைண்டர் போனால் மாவு போச்சு. மாவு போனால் மகளின் படிப்பு போச்சு. கையால் ஆட்டலாம் என்றால் தோள்பட்டை ஏற்கெனவே தூக்க முடியாமல் கிடக்கிறது. கணவரிடம் அழுதுகூடப் பார்த்தாள். பேயோடு குடும்பம் நடத்த முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் ராஜவேலு, திருவாலங்காடு பக்கத்துச் சர்க்கரை ஆலையில் குமாஸ்தா. கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் என்பதால் தெருவில் அவரை யாரும் நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவதில்லை. அவர்தான் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமியிடம் மதில் மேல் சாய்ந்து ஒரு சேதி சொன்னார்.

“மாமி, முந்தாநேத்து தெருவுல வூடு வூடா போறப்ப அந்த ஆளு என் வூட்டுக்கும் வந்தாரு. எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணேன், சக்கரம் அப்பவே நின்னுபோச்சு. இந்த வூட்ல பேயில்லன்னுட்டு போயிகினே இருந்தாரு. தெரு முழுக்க பேய் இருக்குது, என் வூட்ல மட்டும் ஏன் இல்ல? யோசிச்சிகினே இருந்தேன். உங்க எல்லாரு வூட்லயும் சாமி படத்துக்கு மேல ராவும் பகலும் ஒரு சிவப்பு பல்பு எரியுது. என் வூட்ல சாமியும் கிடையாது, பல்பும் கிடையாது. அந்த ஆளு தனியா உள்ள போயி அதைத்தான் அணைக்கிறாரோ என்னமோ.”

மாமி சிரிக்கவில்லை. எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னால் யாரும் சாமி பல்பை அணைப்பதில்லை. அது அவளுக்கே தெரியும். அணைக்கத் தோன்றவே தோன்றாது. அதற்கும் ஒரு சுவிட்ச் உண்டு என்பதே யாருக்கும் நினைவிருக்காது. தவிர, அது ஜீரோ வாட்ஸ் பல்பு. ஜீரோ என்றால் கரண்டே இழுக்காது என்பது திருத்தணியில் மட்டுமல்ல, தேசம் முழுவதும் நிலவுகிற ஞானம்.

வெள்ளிக்கிழமை தெருவே மாமி வீட்டு வாசலில் திரண்டது. வெளியே ஒரு குட்டி யானை லோடு வண்டியும் தயாராக நின்றது, கிரைண்டரைக் கரைக்க. எல்லா சுவிட்சும் அணைந்தன. சக்கரம் ஊர்ந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி கற்பூரத் தட்டோடு உள்ளே போகக் காலெடுத்து வைத்தார். மாமி குறுக்கே நின்றாள்.

“நீங்க இங்கயே இருங்கோ. பேய் என் கிரைண்டர்லதானே இருக்கு, நானே போய்ப் பேசிக்கறேன்.”

ஷண்முகசுந்தரம் பல்லைக் கடித்தார். மாமி உள்ளே போய் சாமி படத்தின் முன்னால் நின்றாள். இருபது வருஷமாக அணையாத விளக்கு. முருகா, மன்னிச்சிக்கோ என்று முணுமுணுத்துவிட்டு அணைத்தாள்.

வெளியே சக்கரம் நின்றது.

மறுபடி போட்டாள், ஊர்ந்தது. அணைத்தாள், நின்றது. வாசலில் ராஜவேலு உள்ளே எட்டிப் பார்த்து ஒவ்வொரு தடவையும் “பல்பு எரியுது, சக்கரம் ஓடுது! பல்பு அணைஞ்சிச்சு, சக்கரம் நின்னுச்சு!” என்று கோயில் மைக்கில் அறிவிப்பதுபோல உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பேய் மாமிக்கு இவ்வளவு பணிவாகக் கீழ்ப்படிவதைப் பார்த்துக் கூட்டம் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி சமாளித்தார். ஜீரோ பல்பு கரண்ட் குடிக்காது, அது குழந்தைக்கும் தெரியும், இது பேயின் தந்திரம் என்றார். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடவும் செய்தன.

மாமி வாசலுக்கு வந்தாள். “குடிக்காத பல்புக்கு மீட்டர் ஏன் சுத்தறது? அத சொல்லிட்டு கிரைண்டரை எடுத்துண்டு போங்கோ.”

சாமி அதற்குச் சமஸ்கிருதத்தில் ஏதோ பதில் சொன்னார்.

அதோடு மாமி விடவில்லை. பில் ஏறியது நிஜம்தானே, அதைக் குடிப்பது யார் என்று தெரிந்தாக வேண்டும். வீட்டில் ஒவ்வொரு சாமானையும் தனியாகப் போடுவது, ராஜவேலு கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷத்துக்குச் சக்கரம் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுவது என்று முடிவாயிற்று. கிரைண்டர் ஓடியது. தடதடவென்று தெருவே அதிர்ந்தது. ஐந்து சுற்று. ஃபேனுக்கு அதுகூட இல்லை. இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு இவ்வளவு கொஞ்சமாகவா சாப்பிடுகிறது என்று எல்லோரும் அதைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு” என்றாள் மாமி. குளியலறையிலிருந்த பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்த ஹீட்டர் ராடின் சுவிட்சைப் போட்டாள். அது சத்தமே போடவில்லை. சக்கரம் பம்பரமாகச் சுழன்றது. முப்பது சுற்று.

அந்த ராடும் அதே ஐப்பசியில் வந்ததுதான். மடப்பள்ளிக்கு விடிகாலை நாலு மணிக்குக் குளித்துவிட்டுப் போகவேண்டியவர் ஷண்முகசுந்தரம். முன்பெல்லாம் பச்சைத்தண்ணீர். இப்போது இரண்டு மணிக்கே எழுந்து ராடைப் போட்டுவிட்டு, மறுபடி போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார். கூட்டம் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. பேய், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றது.

“ஏன்னா, உங்களைக் குளத்துல கரைக்கணுமா?” என்று மட்டும் மாமி கேட்டாள்.

தெருவே சிரித்த சிரிப்பில் சாமி நழுவிவிட்டார். பிரேம்குமார் என்ற ஆட்டோக்காரர்தான், அரக்கோணம் பஸ்ஸில் மடியில் ஒரு மிக்ஸியோடு உட்கார்ந்திருந்தவரைப் பிடித்து இறக்கினார். மிக்ஸி பிரேம்குமாருடைய மாமியாருடையது. லாட்ஜில் அவர் பூட்டி வைத்திருந்த பக்கத்து அறையைத் திறந்தால், கரைந்துபோனதாகச் சொல்லப்பட்ட இஸ்திரிப் பெட்டிகளும் ஃபேன்களும் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அரக்கோணத்துப் பழைய சாமான் கடைக்குப் போகக் காத்திருந்த ஆவிகள். தங்கள் சாமானைத் திரும்ப வாங்கிப்போக வந்தவர்களில் பலர், எதற்கும் இருக்கட்டும் என்று அவற்றின்மேல் விபூதி போட்டுத்தான் எடுத்துப் போனார்கள்.

மாமி வீட்டில் இப்போது ராடு இருபது நிமிஷம்தான் எரிகிறது. பில் இறங்கிவிட்டது. கிரைண்டர் வழக்கம்போல அதிர்கிறது. ஸ்ரீவர்ஷினி கடைசி வருஷத்துக்குப் போய்விட்டாள்.

உங்கள் வீட்டு மீட்டரையும் பேய் பிடித்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் அட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் ஓடாதீர்கள், ஐயா. வீட்டில் எல்லா சுவிட்சையும் அணையுங்கள், மூளையுடைய சுவிட்சை மட்டும் ஒரே ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்கள். அதற்கு மின்வாரியம் இன்னும் பில் போடவில்லை.