உள்ளே வருவது எப்படி?

'அனைத்து இருக்கைகளும் நிரம்பிவிட்டன. சிறிது நேரம் கழித்து முயலவும்.'

கணினித் திரையில் இந்த வரியைப் பார்த்ததும் மருத்துவமனை நூலகருக்கு முதலில் வந்தது ஆனந்தக் கண்ணீர்தான். மூன்று வருடமாக அவள் காத்திருந்த வரி அது.

மருத்துவ இதழ்களை இணையத்தில் படிக்க அந்த மருத்துவமனை சந்தா கட்டியிருந்தது. ஒரே சமயத்தில் ஐந்து திரையில் திறக்கலாம்; ஒரு திரைக்கு ஓர் இருக்கை என்று கணக்கு. அதில் இரண்டு நிரம்பிக்கூட அவள் பார்த்ததில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறையாக டாக்டர்களையும் நர்ஸ்களையும் கூப்பிட்டுப் பார்த்தாள். 'உள்ளே வருவது எப்படி?' என்று தலைப்பிட்டு, படமெல்லாம் வரைந்து ஒரு தாள் தயாரித்தாள். அதை லிஃப்ட்டில் ஒட்டினாள், கேண்டீனில் ஒட்டினாள், கார் நிறுத்துமிடத்தில்கூட ஒட்டினாள். லிஃப்ட்டில் ஒட்டியதன் மேல் யாரோ 'குடை காணவில்லை' என்று இன்னொரு தாளை ஒட்டிவிட்டார்கள்.

இத்தனை காலம் வராதவர்கள் இன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறார்கள். கண்ணீரைத் துடைத்த கையோடு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

காரணம், நாலு மணிக்கு இயக்குநர் வருகிறார். "இந்த சந்தாவ யாரும்மா படிக்கிறா? எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் படிக்கிறதில்ல. நானே வந்து பாக்கறேன். ஒரு கட்டுரையத் திறந்து காட்டுங்க. அப்புறம் புதுப்பிக்கறதா வேண்டாமான்னு சொல்றேன்" என்று போன வாரமே சொல்லியிருந்தார்.

வேண்டாம் என்றால் நூலகம் சக்கர நாற்காலிக் கிடங்காகிவிடும். அவள் பில் கவுண்டருக்குப் போகவேண்டியதுதான். கிடங்குக்காரருக்கு முடிவில் சந்தேகமே இல்லை. ஒரு டஜன் சக்கர நாற்காலிகளை முன்கூட்டியே கொண்டுவந்து சுவரோரமாக நிறுத்திவிட்டார்.

பில் கவுண்டரில் அவள் ஏற்கெனவே ஒரு மாதம் இருந்திருக்கிறாள். அங்கே யாரும் நன்றி சொல்வதில்லை. இங்கேயும் அடிக்கடி சொல்வதில்லைதான். ஆனால் ஒருமுறை தீக்காயப் பிரிவு நர்ஸ் ஒருத்தி வந்தாள். கட்டுப் பிரிக்கும்போது குழந்தை துடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். இருவரும் உட்கார்ந்து தேடி ஒரு கட்டுரையைக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் அவள் கதவருகே நின்று, "இன்னிக்கு அழலக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தைக்காக நூலகர் இன்னும் முப்பது வருடம் இந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பாள்.

முதலில் சந்தா நிறுவனத்துக்குப் போன் செய்தாள்.

"யார் யார் உள்ள இருக்காங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க சார்."

"அது ரகசியம் மேடம். அஞ்சு திரை திறந்திருக்கு. அவ்வளவுதான் நான் சொல்லலாம்."

"ஒருத்தரையாவது வெளிய அனுப்புங்களேன்."

"படிக்கிறவங்கள நாங்க நடுவுல எழுப்ப மாட்டோம் மேடம். அவங்களா வெளிய வந்தாத்தான் உண்டு. இல்லேன்னா ராத்திரி பன்னெண்டு மணிக்கு மொத்தமா வெளிய அனுப்புவோம்."

"எனக்கு நாலு மணிக்கு வேணும் சார்!"

"நாலு மணிக்கு எங்களுக்கு டீ டைம் மேடம்."

சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று குழந்தைகள் பிரிவின் தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், உங்க வார்டுல யாராவது ஆன்லைன்ல ஜர்னல் படிக்கிறாங்களா? தயவுசெஞ்சு வெளிய வரச் சொல்லுங்க."

"எந்த ஜர்னல்?"

"நம்ம ஆஸ்பத்திரி சந்தா கட்டியிருக்கே, அந்த மருத்துவ இதழ்ங்க."

"அப்படி ஒண்ணு இருக்கா? காசா?"

"உங்களுக்கு இலவசந்தான். ஆனா இப்ப..."

"இலவசமா! ஊசி போடறப்ப குழந்தைங்க கத்தறதுக்கு அதுல ஏதாவது வழி இருக்கா? இருங்க, வர்றேன்."

"வராதீங்க சிஸ்டர், வெளிய போகணும்..." என்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

அடுத்து உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவு. அங்கிருப்பவருக்கு 'முட்டி மாஸ்டர்' என்று பெயர். ஊரில் உள்ள முழங்கால்கள் எல்லாம் அவர் கையில் மடங்கி நிமிர்ந்தவை.

"மாஸ்டர், நீங்க ஜர்னல் படிக்கிறீங்களா?"

"இல்லையே மேடம். ஏன், படிக்கணுமா?"

"வேண்டாம், வேண்டாம்! இன்னிக்கு மட்டும் படிக்காதீங்க."

மாஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன் படிக்கக் கூடாது? மத்தவங்கல்லாம் படிக்கிறாங்களா? முட்டியப் பத்தி அதுல புதுசா ஏதோ வந்திருக்குல்ல? என்கிட்ட மறைக்கிறீங்க. இதோ மேல வர்றேன்."

மூன்றாவதாக அவள் செய்ததுதான் பெரிய பிழை. வரவேற்பறைப் பெண்ணிடம் மைக்கில் அறிவிக்கச் சொன்னாள். அந்தப் பெண் எதையும் சொன்னபடி சொல்பவள் அல்ல, கூடக் கொஞ்சம் அக்கறை சேர்த்துத்தான் சொல்வாள்.

"ஊழியர்கள் கவனத்திற்கு. இணையத்தில் மருத்துவ இதழ் படிப்பவர்கள் உடனடியாக நிறுத்தவும். மறு அறிவிப்பு வரும்வரை யாரும் படிக்க வேண்டாம். இது மிகவும் முக்கியம்."

மூன்று வருடமாகப் 'படியுங்கள், படியுங்கள்' என்று கெஞ்சியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'படிக்காதே' என்றதும் ஆஸ்பத்திரியே எழுந்து வந்துவிட்டது. மருந்தகத்திலிருந்து இருவர் வந்தார்கள். எக்ஸ்ரே அறையிலிருந்து கனத்த ஏப்ரனைக் கழற்றாமலேயே ஒருவர் வந்தார். எந்நேரமும் ஓட்டமும் நடையுமாக இருப்பதால் 'அவசர டாக்டர்' என்று அழைக்கப்படுகிறவர் மூச்சிரைக்க வந்தார்.

"என்ன மேடம், எந்த மருந்த நிறுத்தச் சொல்லிப் போட்டிருக்கான்?"

"மருந்தையெல்லாம் இல்ல டாக்டர். இடமில்ல. அவ்வளவுதான்."

"இடமில்லாத அளவுக்கு எல்லாரும் படிக்கிறாங்க, எனக்கு மட்டும் யாரும் சொல்லலையா?"

"லிஃப்ட்ல ஒட்டியிருந்தேன் டாக்டர்."

"லிஃப்ட்ல குடையைத்தான காணோம்னு போட்டிருக்கு?"

யாரும் கலைந்துபோகிற மாதிரி தெரியவில்லை. நூலகத்தில் இருந்ததோ இரண்டு நாற்காலி. தலைமை நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சக்கர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். முட்டி மாஸ்டர் வழக்கம்போல பிரேக் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு இயக்குநர் வந்தார். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது. அவர் பின்னாலேயே அவருடைய டிரைவர் வந்தார். இயக்குநர் வாழ்க்கையில் எதையும் திறப்பவரே தவிர மூடுபவர் அல்ல. கார்க் கதவு, அறைக் கதவு, தண்ணீர்க் குழாய் என்று அவர் திறந்துகொண்டே போவார், டிரைவர் மூடிக்கொண்டே வருவார். இப்போதும் நூலகக் கதவை மூடிவிட்டு ஓரமாக நின்றார்.

சக்கர நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த தம் ஊழியர்களைப் பார்த்து இயக்குநர் திடுக்கிட்டார்.

"என்ன ஆச்சு எல்லாருக்கும்?"

"படிக்க வந்திருக்கோம் சார்" என்றார் தலைமை நர்ஸ்.

"சரி சரி. எங்கம்மா, ஒரு கட்டுரையத் திறங்க பாப்போம்."

நூலகர் பொத்தானை அழுத்தினாள். 'அனைத்து இருக்கைகளும் நிரம்பிவிட்டன' என்று திரை மறுபடியும் சொன்னது. இன்னொரு முறை அழுத்தினாள். அதையேதான் சொன்னது. பில் கவுண்டரின் கம்பி ஜன்னல் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"திறக்கலையே?" என்றார் இயக்குநர்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள் அவள். "உள்ள இடமே இல்ல."

"அதத்தான் சார் நாங்களும் கேக்கறோம்!" என்று அவசர டாக்டர் எழுந்தார். "இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு அஞ்சு இருக்கை எந்த மூலைக்கு?"

"ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன், ஒரு முட்டியக்கூட இன்னும் பாக்கல" என்றார் மாஸ்டர்.

இயக்குநர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நூலகரின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதுல யாரு என்ன படிக்கிறாங்கன்னு வெளிய தெரியுமாம்மா?"

"தெரியாது சார். நானே போன் பண்ணிக் கேட்டேன். சொல்லவே மாட்டேன்னுட்டாங்க."

இயக்குநர் பெரிய பெருமூச்சு ஒன்று விட்டார். எவ்வளவு பொறுப்பான மனிதர், மற்றவர் ரகசியத்தில் எத்தனை அக்கறை என்று நூலகர் நினைத்துக்கொண்டாள். அவர் பேனாவைத் திறந்தார்.

"இருபது இருக்கையா வாங்கிடுங்க. இந்தச் சக்கர நாற்காலியெல்லாம் இங்க எதுக்கு? எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடாமல் மேசையிலேயே வைத்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார். ஊழியர்களும் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். தலைமை நர்ஸ் மட்டும் தான் உட்கார்ந்த நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனார்.

நூலகர் தன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு அப்போதுதான் முழுதாக வெளியே வந்தது. சிரிப்பாக வந்தது, அழுகையாகவும் வந்தது. தான் முகம் அறியாத அந்த ஐந்து வாசகர்களையும் மனதாரக் கும்பிட்டாள்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட டிரைவர், போகாமல் தயங்கி நின்றார்.

"என்னண்ணே?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்லக்கா, நேத்து ராத்திரி அம்மா ஐயாவ ஹால் சோபாவுக்குத் துரத்திட்டாங்க, அதனால இன்னிக்குக் காலையில கார் நிறுத்தற இடத்துல நீங்க ஒட்டியிருந்த தாளப் பாத்துத்தான் வீட்டுக் கம்ப்யூட்டர், அம்மா லேப்டாப், ஆபீஸ் கம்ப்யூட்டர், ரெண்டு போன்னு அஞ்சுலயும் ஐயாவுக்குக் குறட்டையப் பத்திக் கட்டுரை திறந்து குடுத்தேன், இப்ப எல்லாத்தையும் மூடணும், ஆனா வெளிய வர்றது எப்படின்னு அதுல நீங்க போடவே இல்லையே?"