தட்டைத் தலைச் சான்றிதழ்

எங்கள் வீட்டுக் கூரை உத்திரத்திலிருந்து மாவு மாவாக மரத்தூள் கொட்ட ஆரம்பித்தது. என் மனைவி ஸ்டூலில் ஏறி, உத்திரத்தைக் கத்தியால் குடைந்து, வெள்ளையாகக் கொழுகொழுவென்று ஒரு புழுவைப் பிடித்துப் பாட்டிலில் போட்டாள்.

"கூரை தலையில விழறதுக்குள்ள இது என்னன்னு கேட்டுட்டு வந்துடலாம், வாங்க."

மரம் துளைக்கும் புழுக்களை அங்க அடையாளம் பார்த்து இனங்காண்பதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் இயங்கி வருகிறது. அங்கிருந்த நிபுணர் பாட்டிலைப் பணிவோடு வாங்கிக்கொண்டு விளக்கினார். தலைப்பக்கம் உருண்டையாக இருந்தால் அது காய்ந்த மரத்தையும் விடாது. கூரையையே மாற்ற வேண்டும். தட்டையாக இருந்தால் பச்சை மரத்தோடு வந்த விருந்தாளி. வண்டாகிப் பறந்துவிடும், பயமில்லை.

"நல்லா உருண்டையாத்தானே சார் இருக்கு?" என்றாள் மனைவி.

"வெறுங்கண்ணால பார்த்துச் சொல்லக் கூடாதும்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

முறையாவது: புழுவை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து, நான்கு மூலையிலும் திருகாணியை இறுக்கி, பூதக்கண்ணாடி வழியாக நோக்குதல். நிபுணர் இறுக்கினார். பொதுக்கென்று ஒரு சத்தம். வெகுநேரம் நோக்கினார்.

"தட்டை."

"நசுக்கினா எதுதான் சார் தட்டையாகாது?"

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து பார்த்த அத்தனையும் தட்டைதாம்மா. ஒரு தடவைகூட முடிவு மாறினதில்ல. இதைவிடத் துல்லியம் வேற எங்க கிடைக்கும்?"

"நசுக்காம பார்க்கலாமே?"

"அசையுதே! அசையறதைப் பத்தி அரசாங்கம் எப்படிக் கருத்து சொல்லும்?"

முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வழியெல்லாம் இருவரும் அவரைத் திட்டித் தீர்த்தோம். தெருமுனை வந்ததும் நான் மெல்லச் சொன்னேன்:

"வீட்டை வித்துட்டா என்ன?"

மனைவி திட்டுவதை நிறுத்தினாள்.

தூளைக் கூட்டிப் பெருக்கினோம். உத்திரத்துக்குப் பெயின்ட் அடித்தோம். வாங்க வந்தவர் பிள்ளைகுட்டிக்காரர், நல்ல மனிதர். சான்றிதழைப் படித்துவிட்டு, "தட்டையா? அப்பாடா!" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விற்றோம்.

வந்த பணத்தை அப்படியே போட்டு வேறொரு வீடு வாங்கினோம். குடிபோன அன்று பழைய சொந்தக்காரர் சாவியோடு ஒரு காகிதத்தையும் நீட்டினார். அதே முத்திரை. தட்டைத் தலை.

மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"உத்திரத்துக்கு மட்டும் புது பெயின்ட்டா இருக்கே?"

"உங்களுக்காகவே அடிச்சதும்மா" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.