தூசிக்கு வாரம் ஒரு மணி நேரம்

சுயகல்வித் தாளுக்கான விதி இது: மாணவர் வாரம் ஒரு மணி நேரம் வழிகாட்டும் பேராசிரியரை அவரது அறையில் சந்தித்து, குறிப்பேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். இதை எழுதியவர் தூசியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விதி எழுதும் தொழிலையே விட்டிருப்பார்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். தூசி என்பது பட்டப்பெயர்; மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி. தொழிற்பேட்டையில் கொடியில் காயும் துணிமேல் விழும் தூசியில் என்னென்ன இருக்கிறது என்பதே அவள் ஆய்வு. கையில் எப்போதும் செலோ டேப். நின்றவர், நடந்தவர் எல்லோர்மீதும் ஒட்டிப் பிய்த்து நோட்டில் பதிப்பாள். முதல்வரின் வழுக்கையும் தப்பவில்லை.

அவள் குறிப்பேட்டில் ஒவ்வொரு வாரமும், 'இடம்: மின்சார ரயில், மூன்றாவது பெட்டி.'

"என்னம்மா இது? அறைன்னா அறை. ரயில் இல்ல."

"ரூம்ல விடைத்தாள் கட்டுதான் குந்திக்கினு இருக்குது சார். புரொபசர் நிக்கக்கூட எடமில்ல. பொன்னேரிலேர்ந்து டெய்லி ஒண்ணா வர்றோம். மூணு நாள் சேத்தா ஒரு மணி நேரம்."

"யார் சாட்சி?"

"நீங்களே வந்து பாருங்க சார், இன்னா இப்போ!"

போனேன். கைப்பிடியில் தொங்கியபடி பேராசிரியர், "காந்தம் இழுக்கலைன்னா இரும்பு இல்லைன்னு எப்படி முடிவு பண்ணின? துருவா இருந்தா?" என்று அவளைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

மீன்கூடைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா நைனா, மூச்சு வுட எடமில்ல, இதுல பரீட்சையா? பொண்ண வுடு!"

"நீ சும்மா இரு ஆயா, நல்லாத்தான் போய்க்கினு இருக்குது" என்ற தூசி, என் காலரில் டேப்பை ஒட்டினாள். "அசையாதீங்க சார். சூப்பர் சாம்பிள்."

இறங்கியதும் சொன்னேன்: "ரயிலை அடிச்சுட்டு அறைன்னு எழுதிடு. நானே அனுப்பிடறேன்." முப்பத்து நான்கு வருட சர்வீஸில் நான் சொன்ன முதல் தப்பு யோசனை.

"இதுல பொய் எழுதினா, என் தூசிய எவன் சார் நம்புவான்?"

வேறு வழியின்றி, விதியைத் தளர்த்தக் கோரிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். பதில் வராவிட்டால் அந்தத் தாள் செல்லாது. பட்டமும் இல்லை, கிடைத்திருந்த எம்.எஸ்ஸி. இடமும் இல்லை. பதில் வருமுன் நான் ஓய்வு பெற்றேன். வீட்டிலிருந்து மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். நான்காவதை நேரில் கொண்டுபோனேன்.

"நீங்க இதுக்கு யாரு சார்?" என்றார் பிரிவு எழுத்தர்.

எல்லாப் படிவத்தையும் நிரப்பத் தெரிந்த எனக்கு அதை நிரப்பத் தெரியவில்லை.

'விதி தளர்த்தப்படுகிறது.' கடைசியில் தபாலில் வந்தது இந்த ஒரே வரி, நகல் எனக்கு. வீட்டு வாசலில் நின்றபடியே தூசிக்குப் போன் போட்டேன். "சொல்லுங்க சார், சொல்லுங்க சார்" என்றாள். அந்த ஒரு வரியை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அன்று ஜூலை பதினொன்று; எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு மறுநாள்தான் கடைசி நாள்.